ஸ்ப்ளிண்டர்லேண்ட்ஸ்: தடை விதி வந்ததும் டீம் ஏன் கவிழ்கிறது

கல்மண்டபம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் ஆதார் நகல் எடுக்க வருபவர்களைவிட, "அக்கா, இத்தக் கொஞ்சம் பாருக்கா" என்று போனை நீட்டும் பையன்கள்தான் அதிகம். போனில் ஸ்ப்ளிண்டர்லேண்ட்ஸ் திறந்திருக்கும். நேற்று ஜெயித்த அதே ஆறு கார்டு, இன்று மூன்றே ரவுண்டில் காலி. கார்டு ஊசிப்போய்விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கார்டு அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு விழுந்த விதிதான் வேறு.

புதிதாக ஆடுபவர்களுக்கு இரண்டு வரி. 2018-ல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் வந்து, 2019-ல் இப்போதைய பெயருக்கு மாறிய ஆன்லைன் கார்டு ஆட்டம் இது. தலைவராக ஒரு சம்மனர் கார்டு, அவருக்குக் கீழே சண்டை போட அதிகபட்சம் 6 மான்ஸ்டர் கார்டு. திரையில் வேறு பெயர் தெரிந்தாலும் எங்கள் கடை வாசலில் சம்மனர், மான்ஸ்டர் என்றுதான் பேச்சு. மனா என்பது ஒவ்வொரு கார்டிலும் போட்டிருக்கும் விலை எண். எல்லோருடைய மனாவையும் கூட்டினால் அந்த ஆட்டத்துக்குச் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சம்மனரின் மனாவும் இதில் அடக்கம். நெருப்பு, நீர், மண், உயிர், மரணம், டிராகன் என்று ஆறு பிரிவு. எதிலும் ஒட்டாத நியூட்ரல் தனி. டீமைக் கொடுத்துவிட்டால் சண்டை தானாக ஓடும், நடுவில் கை வைக்க முடியாது. ஆகவே கோளாறு எதுவானாலும் பெரும்பாலும் டீம் போட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தேட வேண்டும்.

எங்கள் சந்தில் கிரிக்கெட் ஆடிய காலத்தில் மொட்டை மாடிக்குப் பந்து போனால் அவுட். ஆஃப் சைடில் ரன்னே கிடையாது, அங்கே மாவு மில் ஜன்னல். புதிதாக வந்தவன் "ஆஃப்ல அடிக்க முடியலையே" என்று புலம்புவான். பழகினவன் ஆஃப் சைடில் வெட்டியாக நின்ற ஃபீல்டரைக் கூப்பிட்டு நேர் கோட்டில் நிறுத்துவான். தடை பேட் பிடிக்கும் எதிராளிக்கும் உண்டு அல்லவா. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு மருந்து அந்த ஃபீல்டரை நகர்த்துவதுதான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு வேலை. தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து முதல் இரண்டு ரவுண்டு மட்டும் பாருங்கள். மூன்று கேள்வி: முதலில் செத்தது யார், யார் அடித்துச் செத்தார், உங்கள் பக்கம் யார் அடிக்காமல் நின்றார். கடைசி ரவுண்டைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அது விளைவு.

"என் நல்ல கார்டு லிஸ்ட்லயே இல்லக்கா"

தினம் ஒருவராவது இதோடு வருவார்கள். இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள்.

விதியின் சின்னத்தைத் தொட்டு அதன் விளக்கத்தைப் படியுங்கள். லாஸ்ட் மேஜிக் என்றால் மேஜிக் தாக்குதல் உள்ள எதுவும் வராது. ப்ரோக்கன் ஆரோஸ் என்றால் தூரத்திலிருந்து அடிக்கும் ரேஞ்ச்டு வராது. கீப் யுவர் டிஸ்டன்ஸ் என்றால் நேரில் மோதும் மெலீ வராது. லாஸ்ட் லெஜண்டரீஸ் வந்தால் மிக அரிய ரகமான லெஜண்டரி கார்டுகள் வெளியே. ரைஸ் ஆஃப் த காமன்ஸில் காமன், ரேர் இரண்டுக்கு மட்டும் அனுமதி. டேக்கிங் சைட்ஸ் வந்தால் நியூட்ரல் எல்லாம் வீட்டுக்கு. லிட்டில் லீக் வந்தால் 4 மனாவுக்கு மேல் எதுவும் கிடையாது. இது சம்மனருக்கும் பொருந்தும் என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. 5 மனா சம்மனரைத் தேடிக்கொண்டே நேரத்தைத் தொலைப்பார்கள்.

விதி தடுக்கவில்லையா? அந்தப் பிரிவு இன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சில பிரிவுகள் மூடப்படும். நெருப்பில் மட்டும் கார்டு சேர்த்து வைத்திருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். நெருப்பு மூடிய நாளில் அவன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். ஒரே பிரிவில் பத்து நல்ல கார்டு இருப்பதைவிட மூன்று பிரிவில் சுமாரான டீம் இருப்பது மேல் என்பது என் கட்சி. அவன் கேட்பதில்லை.

டிராகன் சம்மனர் எடுத்தவர்கள் இன்னொரு பிரிவையும் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு "கார்டு வரல" என்பதும் உண்டு.

பிறகு ஆட்ட வகை. பழைய வெளியீட்டுக் கார்டுகள் வைல்டில் ஆடும், மாடர்னில் ஆடாது. கடைசியாக, அந்தக் கார்டு உங்கள் கையில்தான் இருக்கிறதா? வாடகைக்கு விட்டிருந்தால் அது இன்னொருவர் டீமில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

கார்டு வருகிறது, ஆனால் லெவல் குறைந்து வருகிறது என்றால் பழி சம்மனர் மேல். அவருடைய லெவல் தாழ்வாக இருந்தால் மான்ஸ்டரும் அதற்கேற்ப இறங்கித்தான் ஆடும். பெரிய லெவல் மான்ஸ்டருக்குக் காசு கொட்டும் முன் சம்மனரைப் பாருங்கள்.

"மனா மீதி நிக்குது"

இதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று கோளாறே இல்லை.

99 மனா என்று வந்தால் அதை முழுக்கச் செலவழிக்க வேண்டும் என்று பதறாதீர்கள். இடம் ஆறுதான். அங்கே உண்மையான வரம்பு அந்த ஆறு இடம். ஆகவே ஒரு மனாவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு இடத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். சின்ன மனா ஆட்டத்தில் சிக்கனமாகத் தெரிந்த 2 மனா கார்டு இங்கே ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று நிஜக் கோளாறு: ஒற்றை, இரட்டைக் கணக்கு. ஆட் ஒன்ஸ் அவுட் விதியில் ஒற்றைப்படை மனா மான்ஸ்டர்கள் மட்டும். ஈவன் ஸ்டீவன்ஸில் இரட்டைப்படை மட்டும். ஆறு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். மொத்தம் 22 மனா, சம்மனருக்கு 3 போனால் மீதி 19. ஆறு ஒற்றைப்படைக் கார்டால் 19-ஐத் தொடவே முடியாது. ஒரு மனா வீண். ஐந்து பேராக 7, 5, 3, 3, 1 என்று போட்டால் 19 சரியாக வரும், ஆனால் ஒரு ஆள் குறைவு. அதற்குப் பதிலாக 4 மனா சம்மனர் எடுத்தால் மீதி 18, ஆறு பேருக்குப் பிரித்துவிடலாம்: 5, 5, 3, 3, 1, 1. இரட்டைப்படை விதியில் எத்தனை பேர் போட்டாலும் கூட்டுத்தொகை இரட்டைதான். அதனால் சம்மனரைக் கழித்தபின் மீதி இரட்டைப்படையாக இருக்கும்படி சம்மனரைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரே வழி. மான்ஸ்டர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நேர விரயம்.

ஃபியூரியஸ் சிக்கன் என்று 0 மனாவுக்கு ஒரு கோழி உண்டு. இடம் காலியாக இருந்தால் இலவசமாக ஒரு அடியை வாங்கிக்கொள்ளும். ஒற்றைப்படை விதியில் கோழி வராது. பூஜ்யம் ஒற்றைப்படை இல்லையே.

"13 மனாவில் ரெண்டு ரவுண்டுகூடத் தாங்கல"

ரீப்ளேயில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சி. முன்னால் 7 மனாவுக்கு ஒரு பயில்வான், பின்னால் இரண்டு நோஞ்சான். பயில்வான் நிற்கிறார், பின்னால் இருப்பவர்கள் சாகிறார்கள், அப்புறம் நான்கு பேர் சேர்ந்து பயில்வானைச் சாய்க்கிறார்கள்.

சின்ன மனாவில் தலை எண்ணிக்கைதான் பேசும். சம்மனர் 3, பிறகு 4, 3, 2, 1 என்று நான்கு பேர், கூடவே கோழி. ஐந்து தலை ஆயிற்று. எதிராளி ஒரு தாக்குதலைக் கோழி மேல் செலவழித்தால் உங்களுக்கு அது லாபம்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை நம் பக்கமே வராது. அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நெத்திலியும் காரப்பொடியும்தான். வஞ்சிரத்தில் ஒரு துண்டு வாங்கிப் பத்துப் பேருக்குக் குழம்பு வைக்க அம்மா முயன்றதே இல்லை. லிட்டில் லீக் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழம்பு ஞாபகம் வரும்.

"என் ஆளு சும்மா நிக்கிறான்"

ரேஞ்ச்டு மான்ஸ்டர் முதல் இடத்தில் நின்றால் அடிக்க மாட்டார். மெலீ மான்ஸ்டர் முதல் இடம் தவிர வேறு எங்கே நின்றாலும் அடிக்க மாட்டார். ரீச் என்ற திறமை இருந்தால் இரண்டாம் இடத்திலிருந்து அடிப்பார். கடைசி ஆளைக் குறிவைக்கும் ஸ்னீக், ஹெல்த் குறைந்தவரைக் குறிவைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி இருந்தால் பின்னாலிருந்தும் அடிப்பார். மேஜிக் எங்கிருந்தும் அடிக்கும். இது பாலபாடம், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடையில் வந்து நிற்கிறார்களே, ஏன்?

இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, சண்டை நடக்க நடக்க வரிசை முன்னால் நகரும். முன்னால் நிற்பவர் செத்தால் இரண்டாமவர் முதலிடத்துக்கு வருவார். பின்னால் நாலு ரேஞ்ச்டு வைத்திருந்தால், ஒவ்வொருவராக முதலிடத்துக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குவார்கள். கடைசியில் ஒரு மேஜிக் ஆளாவது இருக்கட்டும்.

இன்னொன்று பேக் டு பேசிக்ஸ். இந்த விதியில் எல்லா மான்ஸ்டரும் திறமைகளை இழந்துவிடும். ஸ்னீக்கை நம்பி நான்காம் இடத்தில் வைத்த மெலீ ஆள், ஸ்னீக் போனதும் வெறும் பார்வையாளர். ரீச் போச்சு, ஹீல் போச்சு, மெலீ, ரேஞ்ச்டு அடியைப் பாதியாக்கும் ஷீல்ட் போச்சு. அந்த ஆட்டத்தில் கார்டின் கீழே எழுதியிருப்பதை எல்லாம் கையால் மறைத்துவிட்டு, அடி, ஆர்மர், ஹெல்த், வேகம் நான்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திறமை அதிகம் உள்ள கார்டுக்கு மனா அதிகம்; அந்த மனாவுக்கு இன்று ஒன்றும் கிடைக்காது. திறமையே இல்லாத முரட்டுக் கார்டு, வருஷம் முழுக்க யாரும் சீண்டாதது, இன்றைக்கு ராஜா.

"கடைசியில் நிக்கிறவன் முதல்ல சாவுறான்"

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இந்த ஒரு ஆட்டத்தை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

பத்தாவது படிக்கும் பையன். நான் யாருடைய மார்க்‌ஷீட்டையோ லேமினேட் செய்துகொண்டிருந்தேன். 27 மனா, விதி சூப்பர் ஸ்னீக். எல்லா மெலீ மான்ஸ்டருக்கும் ஸ்னீக் வந்துவிடும், அதாவது மெலீ அடி எல்லாம் வரிசையின் கடைசி ஆள் மேல் விழும். பையன் விதியைப் படித்திருந்தான். நேரில் மோதும் ஆட்களாகத் தேடித்தேடி நாலு பேரை எடுத்திருந்தான். சந்தோஷமாக டீமைக் கொடுத்தான்.

மூன்றாம் ரவுண்டில் கதை முடிந்தது. ரீப்ளே போட்டோம். அவன் வழக்கம்போல ஷீல்ட் உள்ள தடியனை முன்னால் வைத்து, ஹீலரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கடைசியில் வைத்திருக்கிறான். எதிராளியின் மெலீ நாலும் ஹீலர் மேல். முதல் அடியிலேயே ஹீலர் காலி. அடுத்த அடி ஐந்தாம் இடத்துக்காரன் மேல். பின்னாலிருந்து கரையான் அரித்த மாதிரி வரிசை முன்னால் வந்தது. தடியன் கடைசி வரைக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்று, பிறகு தனியாளாகச் செத்தான்.

தனக்கு விதி என்ன கொடுக்கிறது என்று மட்டும்தான் பையன் பார்த்தான். அதையே எதிராளிக்கும் கொடுக்கிறது. சரி, இரண்டு பேரும் சேர்ந்து டீமைப் பிரித்துப் போட்டோம். சம்மனர் 3. மீதி 24-ஐ 7, 5, 4, 4, 3, 1 என்று பிரித்தோம்.

7 மனா தடியன் ஆறாம் இடத்துக்குப் போனான். இன்றைக்கு அதுதான் வாசல். தார்ன்ஸ் உள்ளவர் கையிருப்பில் இருந்தால் அவரையும் அந்தக் கோடிக்கே அனுப்புங்கள். அடிக்கிற ஒவ்வொரு மெலீக்கும் முள் 2 திருப்பிக் கொடுக்கும். முதல் இடத்தில் 5 மனா ஆள், ஓரளவு ஹெல்த் உள்ளவர், ஏனென்றால் எதிராளியின் மேஜிக்கும் ரேஞ்ச்டும் இன்னும் முன்னால்தான் அடிக்கும். ஒல்லியானவர்கள் எல்லாம் நடுவில். அவனுடைய மெலீ ஆட்களுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை, ஸ்னீக் இருப்பதால் எங்கிருந்தும் அடிப்பார்கள்.

அப்புறம் ஹீலர். இதில் நானே முன்பு ஏமாந்திருக்கிறேன். டேங்க் ஹீல் என்பது முதல் இடத்தில் நிற்பவருக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும். தடியன் ஆறாம் இடத்தில் இருந்தால் அந்த மருந்து அவனுக்குப் போய்ச் சேராது. ட்ரையாஜ் வேண்டும், அது பின்வரிசையில் அதிகம் அடிபட்டவரைத் தேடிப் பார்க்கும். பையனிடம் ட்ரையாஜ் கார்டு ஒன்று தூசி படிந்து கிடந்தது.

உடனே ஜெயித்தானா என்றால், இல்லை. அடுத்த முறை அந்த விதி வந்தபோது எதிராளி முழுக்க மேஜிக் டீமோடு வந்தான், எங்கள் முன்வரிசை பொத்தென்று விழுந்தது. அதற்கடுத்த முறைதான் ஜெயித்தான். லேமினேஷன் பணம் கொடுக்க வந்த பெரியவர் நாங்கள் போட்ட சத்தத்தில் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

விதியே இல்லாமல் கடைசி ஆள் சாகிறார் என்றால், எதிராளியிடம் ஸ்னீக் கார்டு இருக்கிறது என்று பொருள். கடைசி இடத்தில் அடி தாங்கும் ஒருவரை வைப்பது எப்போதுமே நல்ல பழக்கம். ஃபாக் ஆஃப் வார் விதியில் மட்டும் அந்தக் காவல் வேண்டாம். ஸ்னீக்கும் ஸ்னைப்பும் அங்கே செல்லாது. பின்னால் நிறுத்தும் காவல்காரனின் மனாவை முன்னால் போடுங்கள். டார்கெட் பிராக்டிஸில் ரேஞ்ச்டு, மேஜிக் எல்லோருக்கும் ஸ்னைப் வரும்: முதலிடத்தை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மெலீ அல்லாத ஆளைத் தேடி அடிப்பார்கள். இரண்டாம் இடத்தில் ஹெல்த் நிறைய உள்ள ஒரு மேஜிக் ஆளையோ, தாக்குதலே இல்லாத ஆளையோ தூண்டில் புழு மாதிரி வைத்துவிடுங்கள்.

"சம்மனர் ஏத்தி விடவே மாட்டேங்குறாரு"

ஆல்ரிக் ஸ்டார்ம்பிரிங்கர் நம் பக்க மேஜிக்குக்கு 1 கூட்டுவார். மால்ரிக் இன்ஃபெர்னோ மெலீக்கு 1 கூட்டுவார். டைரஸ் பலாடியம் எல்லோருக்கும் 1 ஆர்மர் தருவார். லயானா நேச்சுரா 1 ஹெல்த். ஜின்டார் மோர்டாலிஸ் எதிராளியின் மெலீயில் 1 குறைப்பார். பழைய சம்மனர்கள்தான், ஆனால் கணக்கு புரிய இவர்கள் போதும்.

லாஸ்ட் மேஜிக் ஆட்டத்தில் ஆல்ரிக்கை எடுத்தவனைப் பார்த்திருக்கிறேன். பழக்க தோஷம். கூட்டுவதற்கு அங்கே மேஜிக்கே இல்லை. இதை யாரும் இரண்டாம் தடவை செய்ய மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தப்பு அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது: கீப் யுவர் டிஸ்டன்ஸில் ஜின்டாரை எடுப்பது. நம் டீமில் மெலீ இல்லை என்று நன்றாகத் தெரியும், எதிராளியிடமும் இல்லை என்பது தோன்றாது. இல்லாத மெலீயில் 1 குறைத்து என்ன ஆகப்போகிறது?

மான்ஸ்டருக்கும் இதே கதைதான். கீப் யுவர் டிஸ்டன்ஸில் தார்ன்ஸ் குத்துவதற்கு ஆள் வராது. எதிராளியின் மெலீயைக் குறைக்கும் டிமாரலைஸ் வேண்டாம். ரேஞ்ச்டைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்ன் ஃபயர், மேஜிக்கைத் திருப்பும் மேஜிக் ரிஃப்ளெக்ட், மேஜிக்கைப் பாதியாக்கும் வாய்ட், இவை மூன்றும் அன்றைக்குத் தங்கம்.

லாஸ்ட் மேஜிக் வந்தால் வாய்ட், எதிராளியின் மேஜிக்கைக் குறைக்கும் சைலன்ஸ், மேஜிக் ரிஃப்ளெக்ட் மூன்றும் மூட்டை கட்டலாம். ஆனால் ஆர்மரின் மதிப்பு ஏறிவிடும். மேஜிக் மட்டும்தான் ஆர்மரைத் தாண்டி நேரே ஹெல்த்தில் இறங்கும். மெலீயும் ரேஞ்ச்டும் முதலில் ஆர்மரை உடைக்க வேண்டும், உடைத்தபின் மிஞ்சிய அடி ஹெல்த்துக்குப் போகாது. 5 அடி வந்தாலும் 1 ஆர்மர் அந்த ஒரு தடவை முழுசாக வாங்கிக்கொள்ளும். பியர்சிங் உள்ளவர் மட்டும் விதிவிலக்கு. டைரஸும் ஆர்மரை ஒட்டுப்போடும் ரிப்பேர் கார்டும் சேர்ந்தால் எதிராளிக்குப் பேஜார்.

ஆர்மரே கிடையாது என்னும் அன்ப்ரொடெக்டட் விதி இதற்கு நேர் எதிர். டைரஸ் வீண், ரிப்பேர் வீண், அது எல்லோருக்கும் தெரியும். மேஜிக்கின் பவுசும் போய்விடுகிறது என்பதுதான் தோன்றாது. ஆர்மரைத் தாண்டுவதுதான் அதன் பெருமை. தாண்ட ஒன்றும் இல்லாதபோது, அதே மனாவுக்கு அதிகம் அடிக்கும் மெலீ போதும்.

"யாரும் அடிக்கல, ஆனா எல்லாரும் சாவுறாங்க"

நாக்ஷியஸ் ஃப்யூம்ஸ். எல்லோரும் விஷத்தோடுதான் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். ரவுண்டுக்கு 2 ஹெல்த் இறங்கும். 4 ஹெல்த் உள்ளவர் யாருடைய அடியும் படாமல் இரண்டே தடவையில் போய்விடுவார். ஆர்மர் உதவாது. இம்யூனிட்டி உள்ளவருக்கு விஷம் ஏறாது. க்ளென்ஸ் முதல் இடத்தில் நிற்பவருக்கு மட்டும் விஷத்தை எடுக்கும். இந்த ஆட்டம் நீளாது, ஆகவே மெதுவாகக் கட்டி எழுப்பும் டீம் வேண்டாம். வேகமாகவும் பலமாகவும் அடிக்கிற, ஹெல்த் கொழுத்த ஆட்களைப் போடுங்கள்.

எர்த்குவேக்கிலும் ரவுண்டுக்கு 2 போகும், ஆனால் பறப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆர்மர் இருந்தால் அடி முதலில் அதில் விழும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து, விஷ ஆட்டத்தில் பறக்கும் படை இறக்கியவர் ஒருவர் உண்டு. அந்த ஒருவர் நான்தான்.

"வேகமானவன் கடைசியில அடிக்கிறான்"

ரிவர்ஸ் ஸ்பீட். வேகம் குறைந்தவருக்கு முதல் அடி. எதிராளியை மெதுவாக்கும் ஸ்லோ இங்கே அவனுக்குச் செய்யும் உதவி. நம் ஆட்களை வேகமாக்கும் ஸ்விஃப்ட்னஸ் நமக்கு வைக்கும் ஆப்பு. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சாதாரண ஆட்டத்தில் அடி தவறிக்கொண்டே இருந்தால் வேக வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு 10 சதவீதம் தவற வாய்ப்பு. எதிராளி பறந்து, அடிப்பவர் பறக்காவிட்டால் இன்னும் 25. மேஜிக் தவறாது.

"அவன் 2 மனா கார்டு என் தடியன் மாதிரி நிக்குது"

ஈக்வலைசர். இரண்டு டீமிலும் சேர்த்து யாருக்கு ஹெல்த் அதிகமோ, எல்லோரும் அதே ஹெல்த்தோடு ஆரம்பிப்பார்கள். ஹெல்த்துக்காக மனா கொடுப்பது இங்கே வெட்டிச் செலவு, எதிராளி கொண்டுவரும் ஹெல்த் நமக்கும் கிடைக்கும். ஒல்லியாக இருந்தாலும் ஓங்கி அடிக்கிற கார்டுகளை எடுங்கள். ஹீலரும் இதில் கூடுதலாக உழைப்பார், மொத்த ஹெல்த்தில் ஒரு பங்கைத்தான் அவர் திருப்பிக் கொடுக்கிறார் என்பதால். ஹீல்ட் அவுட் விதியும் சேர்ந்து வந்தால் மட்டும் ஹீலரை விட்டுவிடுங்கள்.

"ரெண்டு மூணு விதி ஒண்ணா வந்துடுச்சு"

முதலில் கார்டை நீக்கும் விதிகளைப் படியுங்கள், பிறகு அடியை மாற்றும் விதிகளை. உதாரணம்: லிட்டில் லீக்கும் ஆட் ஒன்ஸ் அவுட்டும் சேர்ந்தால் மான்ஸ்டர்கள் 1 அல்லது 3 மனா மட்டும். ஆறும் 3 என்றாலும் 18. சம்மனர் அதிகபட்சம் 4. மொத்தம் 22. மேலே 40 என்று எழுதியிருந்தாலும் அது அலங்காரம். கார்டுகளைப் புரட்டும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுவிட்டால், மனாவைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு இருக்கும் 3 மனா கார்டுகளில் நல்ல ஆறைப் பொறுக்கினால் போதும்.

"டைம் முடிஞ்சு தோத்துட்டேன்"

டீம் கொடுக்காவிட்டால் தோல்விதான், யாரும் காத்திருக்க மாட்டார்கள். மெட்ரோவில் திருவொற்றியூர் பக்கமிருந்து வரும்போது ரயில் மேலே ஓடும், தண்டையார்பேட்டையில் சுரங்கத்துக்குள் இருக்கும். என் பழைய போன் அங்கே போனதும் சிக்னலைத் தேட ஆரம்பிக்கும். டோல்கேட் தாண்டியபின் நான் புது ஆட்டம் தொடங்குவதில்லை. கடையில் என்றால், யாராவது "இருபது காப்பி, ரெண்டு பக்கமும்" என்று வந்து நிற்கும்போது தொடங்குவதில்லை.

"அக்கா, இன்னிக்கு தடையே இல்ல"

ஸ்டாண்டர்ட் என்று வரும். விதி எதுவும் இல்லாத ஆட்டம். இங்கே எதிராளியிடமிருந்து எதுவும் வரலாம் என்பதால் ஃபீல்டரை எல்லாப் பக்கமும் நிறுத்த வேண்டும். முதல் இடத்தில் ஷீல்டோ ஆர்மரோ உள்ள ஆள். இரண்டாம் இடத்தில் ரீச் உள்ள மெலீ, முன்னவர் விழுந்தால் அந்த இடத்தை அவரே பிடித்துக்கொள்வார். மூன்றில் ஹீலர். நான்கில் ரேஞ்ச்டு, ஐந்தில் மேஜிக். ஆறில் அடி தாங்கும் ஸ்னீக் ஆள். தானும் குத்துவார், வருகிற குத்தையும் வாங்குவார். மனா பற்றாவிட்டால் நான்காம் இடத்தை விட்டுவிடுங்கள், ஆறாம் இடத்தை விடாதீர்கள்.